வாசற்காவலரும் வழிகாட்டியும்

ஒரு பிள்ளையின் வீட்டு நிலைமை, நோய் நொடி, ஆசை, பயம் எல்லாவற்றையும் அறிந்த ஒருவர் அந்தப் பிள்ளைக்கு நீதிபதியாகவும் இருக்கலாமா? கிராமத்துப் பாடசாலை ஒன்றில் நீண்டகாலமாகப் படிப்பித்துவரும் எனக்கு இந்தக் கேள்வி தத்துவ நூல்களிலிருந்து வந்ததல்ல. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் காலங்களில் எங்கள் பாடசாலையில் அதிபர் ஒரு குழுவைக் கூட்டுவார். ஐந்தாறு பேர் இருப்போம். உயர்தர விஞ்ஞானப் பிரிவில் யாரைச் சேர்ப்பது, பரிசளிப்பு விழாவில் யாரை மேடைக்கு அழைப்பது, எந்தப் பிள்ளைக்கு எந்தத் துறையைச் சொல்லுவது ஆகிய மூன்றையும் அந்த ஐந்தாறு பேரே பார்த்துக்கொள்வோம். இதற்குப் பின்னால் கொள்கை எதுவும் இருந்ததில்லை. ஆளில்லை, அவ்வளவுதான்.

ஆளில்லாமல் நாங்கள் செய்ததை ஆளும் பேருமாக, கொள்கையென்றே செய்யும் நாடொன்று இருக்கிறதென்பதைப் பின்னர்தான் வாசித்து அறிந்தேன். ஐக்கிய அமெரிக்காவில் நம் நாட்டிலுள்ளதைப் போன்ற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவரைத் தானே தெரிவுசெய்கிறது. அன்றாட வேலையை உத்தியோகத்தர்கள் செய்தாலும், அதை மேற்பார்வை செய்வதும் விதிகளை வகுப்பதும் பேராசிரியர்கள் அடங்கிய குழுக்களின் பொறுப்பு. அனுமதி, கௌரவப் பட்டத்துக்கான தகுதி, மாணவருக்கான ஆலோசனை ஆகியவை ஒரே குழுவின் கையில் இருக்கும் சிறிய கல்லூரிகளும் உண்டு. உள்ளே விட்டவர்களே வளர்க்கவும் வேண்டும், வளர்த்தவர்களே மாலை போடவும் வேண்டும் என்பது அதிலுள்ள நியாயம்.

கேட்பதற்கு இது நெஞ்சுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆசிரியனாக இருப்பவன் இதை வெறுக்க முடியாது. ஒரு பிள்ளையை எண்ணாகப் பார்க்காமல் ஆளாகப் பார்க்கிறார்கள் என்பது சிறிய விடயமா? அதிகாலையில் தோணியில் வாப்பாவுடன் போய்வந்து, ஈரம் காயாத தலையோடு வகுப்பில் அமர்ந்து 68 புள்ளி எடுக்கும் பையனும், மூன்று ரியூசன் வகுப்புக்குப் போய்வந்து 74 எடுக்கும் பையனும் என் கண்முன்னே இருக்கிறார்கள். இருவரில் யார் கெட்டிக்காரன் என்று என்னைக் கேட்டால் நான் தயங்காமல் சொல்லுவேன். பரீட்சைத் திணைக்களத்தைக் கேட்டால் அதுவும் தயங்காமல் சொல்லும், வேறு பெயரை.

ஆனால் ஆளாகப் பார்ப்பது என்னும் இந்த வார்த்தைக்குள் என்னவெல்லாம் ஒளிந்துகொள்ளலாம் என்பதற்கு ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

1920களின் தொடக்கத்தில் ஹாவர்டுக்குள் நுழைவது பெரும்பாலும் பரீட்சையைப் பொறுத்ததாகவே இருந்தது. எழுதிச் சித்தியடைந்தவர் உள்ளே போனார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள், தையற்காரர்களினதும் சில்லறை வியாபாரிகளினதும் பிள்ளைகள், அரசாங்கப் பாடசாலைகளில் படித்து இந்தப் பரீட்சையைக் கடந்து வந்தார்கள். 1922 ஆம் ஆண்டளவில் புதுமுக மாணவரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதராக இருந்தனர். அப்போதைய தலைவர் லோவெலுக்கு இது பெரும் பிரச்சினையாகப்பட்டது. யூத மாணவர் தொகைக்கு ஒரு வரம்பு வேண்டுமென்று அவர் வெளிப்படையாகவே நின்றார். அதே வருடம் விண்ணப்பப்படிவத்தில் புதிய கேள்விகள் வந்தன. இனம் என்ன, நிறம் என்ன, தாயின் திருமணத்துக்கு முந்திய பெயர் என்ன, நீர் பிறந்த பின் உமது பெயரிலோ தந்தையின் பெயரிலோ மாற்றம் ஏதும் செய்யப்பட்டதா? பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தை நம் நாட்டவருக்குப் புதியதல்ல என்பதால் இக்கேள்விகளின் பொருளை நான் விளக்கத் தேவையில்லை.

இவ்விடயத்தை ஆராய 13 பேர் கொண்ட குழுவொன்று நியமிக்கப்பட்டது. பேராசிரியர் கிரான்ட்ஜென்ட் அதன் தலைவர். மூவர் யூதர்கள். தலைவர் விரும்பிய முடிவைத் தட்டில் வைத்துக் கொடுக்கப்போகிறார்கள் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். 1923 இல் வெளிவந்த அவர்களது அறிக்கையோ, இனத்தையோ மதத்தையோ வைத்துப் பாகுபாடு காட்டலாகாது என்று சொல்லியது. ஆசிரியர்களின் குழு மானத்தோடு நடந்துகொண்ட ஒரு சந்தர்ப்பம் இது. தம் பாடசாலையில் மேல் ஏழிலொரு பங்குக்குள் வருபவரைப் பரீட்சையின்றியே சேர்க்கலாம் என்றும் அவ்வறிக்கை சிபாரிசு செய்தது. தூரத்து மாநிலங்களின் சிறிய ஊர்ப் பிள்ளைகளை எண்ணிச் செய்த ஏற்பாடு அது. அது நடைமுறைக்கு வந்தபின் யூத மாணவர் தொகை குறையவில்லை, கூடியது.

லோவெல் விடவில்லை. 1926 இல் வேறு வழி கண்டார்கள். புதுமுக மாணவர் தொகை ஆயிரமளவில் மட்டுப்படுத்தப்பட்டது. இடம் குறைவென்றால் தெரிவு வேண்டும்; தெரிவென்றால் பரீட்சைப் புள்ளி மட்டும் போதாது; பிள்ளையின் நடத்தை, ஆளுமை, தலைமைப்பண்பு எல்லாம் பார்க்க வேண்டும். பாடசாலை அதிபரின் கடிதமும் புகைப்படமும் நேர்முகமும் முக்கியமாயின. யூதர் இத்தனை பேர்தான் என்று எந்த விதியிலும் எழுதப்படவில்லை. ஆயினும் 1925 இல் நான்கிலொரு பங்கைத் தாண்டியிருந்த அவர்களது தொகை அதன்பின் நூற்றுக்கு 15 அளவுக்கு இறங்கிவிட்டது.

இதில் என்னை நித்திரை கொள்ளவிடாத விடயம் ஒன்றுண்டு. பையனின் முழு ஆளுமையையும் பார்க்கிறோம் என்ற வார்த்தை, அன்று பையனைப் பார்க்காமல் இருப்பதற்காகவே கொண்டுவரப்பட்டது. எண்ணுக்கு முகம் தெரியாது. அதனாலேயே அது யூதனை உள்ளே விட்டது. முகத்தைப் பார்ப்பவர்கள் வந்தபின்தான் கதவு சாத்தப்பட்டது. அதே பல்கலைக்கழகத்தின் மீது ஏறத்தாழ நூறு வருடங்களின் பின் ஆசிய வம்சாவளி மாணவர்களின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கிலும் ஆளுமைக்கான மதிப்பீடே விவாதப்பொருளாயிற்று. அம்மாணவர்களை நேரில் சந்தித்துப் பேசிய பழைய மாணவர்கள் நல்ல மதிப்பீடு கொடுத்திருக்க, கோவையை மாத்திரம் புரட்டிய அனுமதி அலுவலகத்தினர் ஆளுமைக்குக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று வழக்காளிகள் சுட்டிக்காட்டினர். 2023 ஜூன் மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் இனத்தைக் கருத்திற்கொண்டு மாணவரைச் சேர்க்கும் முறையையே தடுத்துத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பால் கறுப்பின மாணவர்களுக்கு ஏற்படும் இழப்பு வேறொரு பெரிய கதை. இங்கே அதற்குள் நான் போகவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். நாம் தேர்ந்தது எண்ணின் வழி. ஆனால் எண்ணும் எப்போதும் சுத்தமான கையால் எழுதப்படவில்லை என்பதை நாமறிவோம். 1971 இல் மருத்துவபீடத்துக்குச் சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு 229 புள்ளி போதுமாயிருக்க, தமிழ் மொழிமூலம் எழுதியவருக்கு 250 தேவைப்பட்டது. தமிழில் எழுதிய முஸ்லிம் மாணவரும் அந்த 250ஐத் தாண்டவே வேண்டியிருந்தது. பின்னர் மாவட்ட அடிப்படை வந்தபோது, பின்தங்கிய மாவட்டங்களிலிருந்த அதே சமூகத்துப் பிள்ளைகள் பலருக்கு அதனாலேயே வாசல் திறந்தது. ஒரே சமூகம் சில வருட இடைவெளியில் எண்ணால் அடியும் வாங்கியது, ஆறுதலும் பெற்றது. 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் பின் தெரிவு மானியங்கள் ஆணைக்குழுவின் கைக்குப் போனது. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டம், ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று கணக்கு. 2001 தொடக்கம் இசட் புள்ளி.

மாவட்டக் கோட்டாவைத் திட்டுவோரும் போற்றுவோரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அது கண்ணில்லாத ஒருவர் கையால் தடவி முகத்தை அறிய முயல்வது போன்றது. எண்ணுக்குத் தோணிக்குப் போகும் பையனைத் தெரியாது. ஆனால் தோணிகள் உள்ள மாவட்டம் எது என்று தெரியும். பையனை அறிய முடியாததால் அவனது இடத்தை அறிந்து அவனுக்கு ஏதோ கொடுக்கப் பார்க்கிறது. பிழை வரும். வசதியான மாவட்டத்தில் உள்ள ஏழைத் தோட்டத்துப் பிள்ளை அதன் கைக்கு அகப்படாது. மாவட்டம் மாறிவந்து பரீட்சை எழுதுவோர் பற்றிய முறைப்பாடுகளும் ஓய்ந்தபாடில்லை. 2011 ஆம் ஆண்டுப் பரீட்சையின் இசட் புள்ளிக் கணிப்பில் பழைய பாடத்திட்டத்தையும் புதிய பாடத்திட்டத்தையும் ஒன்றாய்ப் போட்டதால் எழுந்த குழப்பம் உயர் நீதிமன்றம் வரை போய், 2012 இல் கணிப்பே இரத்தானதும் நினைவிருக்கும். ஆனாலும் அந்தப் பிழையை நீதிமன்றத்தின் மேசையில் வைக்க முடிந்ததே, அதைக் கவனிக்க வேண்டும். எண் பிழைத்தால் கூட்டிக் கழித்துக் காட்டலாம். பையனின் ஆளுமை எங்களுக்குத் திருப்தியாயில்லை என்று மூன்று பேர் சொன்னால் அதை எங்கே கொண்டுபோய்க் கூட்டுவது?

ஆகவே வாசலில் நிற்பவருக்குக் கண் கட்டப்பட்டிருப்பதே நல்லது என்னும் பக்கத்தில்தான் நான் நிற்கிறேன். மனவருத்தத்தோடு நிற்கிறேன். தோணிக்குப் போகும் பையனின் 68 என் மனதை விட்டு அகலவில்லை.

கௌரவம் என்பது வாசலைப்போல் அவ்வளவு இலேசாகத் தீராது. எங்கள் பரிசளிப்பு விழாவில் பாடவாரியாக முதலாமிடங்களுக்குப் பரிசு கொடுப்பதில் சண்டை வருவதில்லை. புள்ளிப் பட்டியல் கொடுக்கிறது, நாங்கள் பொதிசெய்கிறோம். நன்னடத்தைக்கான பரிசு என்று ஒன்றிருக்கிறதே, அதுதான் வினை. அதிகம் பேசாத பிள்ளைக்கு அது போகும். அல்லது ஆசிரியர் ஒருவரின் பிள்ளைக்கு. வகுப்பில் எழும்பி, "சேர், இது நியாயமில்ல" என்று சொல்லக்கூடிய பிள்ளைக்கு அந்தப் பரிசு கிடைத்து நான் கண்டதில்லை. அப்படிச் சொல்வதற்கு வேண்டிய நடத்தை எவ்வளவு நல்லதென்று எங்களுக்குத் தெரியாமலும் இல்லை.

இவ்விடத்தில் அமெரிக்காவின் இன்னொரு கல்லூரியைச் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவிலுள்ள சுவாத்மோர் சிறிய கல்லூரி. 1921 இல் அதன் தலைவராக வந்த பிராங்க் எய்டெலொட் ரோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்டில் படித்தவர். 1922 இல், அதாவது ஹாவர்டில் தாயின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்த அதே வருடத்தில், அவர் அங்கே ஒரு கௌரவக் கற்கைமுறையை ஆரம்பித்தார். திறமையான மாணவர் இறுதி இரு வருடங்களும் பேராசிரியரோடு சிறு குழுக்களாக அமர்ந்து வாசித்து விவாதிப்பார்கள். முடிவில் அவர்களைப் பரீட்சிப்பது அந்தப் பேராசிரியர் அல்ல. வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவாரிப் பரீட்சகர்கள் வருகிறார்கள். எழுத்திலும் வாய்மொழியாகவும் கேட்கிறார்கள். கௌரவம் உண்டா இல்லையா, எந்தத் தரம் என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். நூறு வருடங்களைத் தாண்டியும் அம்முறை அங்கே நடக்கிறது.

இந்த ஏற்பாட்டின் விளைவை ஒரு ஆசிரியனாகவே நான் உணர்கிறேன். பரீட்சகர் வெளியிலிருந்து வருகிறார் என்ற கணத்தில் பேராசிரியரும் மாணவரும் மேசையின் ஒரே பக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பகுதி விளங்கவில்லை என்று மாணவர் தயங்காமல் சொல்லலாம். சொன்னதற்காகப் புள்ளி குறையாது. சொல்லாவிட்டால்தான் குறையும். பேராசிரியருக்கும் தன் பிரியத்தை மறைக்க வேண்டிய தேவையில்லை. ஒரு பிள்ளையை அவர் எவ்வளவு நேசித்தாலும் அதனால் பக்கத்துப் பிள்ளைக்கு நட்டமில்லை.

இது நமக்கு முற்றிலும் அந்நியமானதுமல்ல. கொழும்பில் 1921 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, தன் மாணவரை லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே ஆயத்தம் செய்தது. அது காலனித்துவ ஏற்பாடு. எதைப் படிக்க வேண்டுமென்பதையும் கடலுக்கு அப்பால் இருந்தவர்களே தீர்மானித்தார்கள் என்பதை மறப்பதற்கில்லை. ஆயினும் அந்த ஏற்பாட்டின் ஒரு துண்டு எங்கள் கிராமத்துப் பாடசாலையில் இன்றும் உயிரோடிருக்கிறது. உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்குப் பெயர் கிடையாது, சுட்டெண்தான். விடைத்தாளைத் திருத்துபவர் எங்கோ ஓர் ஊரில் இருப்பவர். அதனால் அந்த இரண்டு வருடங்களும் நானும் என் பிள்ளைகளும் ஒரே தோணியில் இருக்கிறோம். அதிகாலை வகுப்புக்கு ஃபிளாஸ்கில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரும் பிள்ளை என்னிடம் புள்ளி வாங்குவதற்காகக் கொண்டுவரவில்லை என்ற நிம்மதி எனக்கிருக்கிறது. இந்த நிம்மதியின் பெறுமதியைப் பல்கலைக்கழகம் போய் விடுமுறைக்கு வரும் பழைய மாணவர்கள் பேசும்போதுதான் அறிகிறேன். அங்கே படிப்பிப்பவரே வினாத்தாள் தயாரிக்கிறார், அவரே திருத்துகிறார், சிறப்புப் பட்டத்துக்கு யாரை எடுப்பதென்ற கூட்டத்திலும் அவரே இருக்கிறார், நாளைக்குத் தற்காலிக விரிவுரையாளர் நியமனம் வந்தால் அவரது சொல்லுக்குப் பலமுண்டு. இரண்டாம் திருத்துநர், மூதவை, பீடச்சபை எல்லாம் இருக்கின்றன. விரிவுரையாளர்களில் தங்கமான மனிதர்களும் பலர் இருக்கிறார்கள். ஆனால் மாணவ ஆலோசகரும் அந்த விரிவுரையாளர்களுள் ஒருவர்தான். "அவர்ட்டப் போய் எனக்குப் படிக்க மனமில்லன்னு எப்பிடி சேர் சொல்ற?" என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் வழிகாட்டலும் ஆலோசனையும் என்று ஒரு பாடம் இருந்தது. இரகசியம் பேணுதல் என்ற தலைப்பில் குறிப்பெழுதியிருக்கிறேன். ஆனால் இரகசியத்தைக் கேட்டவரே அடுத்த அறையில் தெரிவுக்குழுவில் அமர்ந்திருந்தால் என்ன செய்வதென்று அந்தக் குறிப்பில் எதுவுமில்லை.

அதை வாழ்க்கை எழுதிக்காட்டியது. சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை என்னிடம் வந்தாள். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு. உயிரியல் விஞ்ஞானப் பிரிவுக்கு விண்ணப்பித்திருந்தாள். "சேர், வாப்பா வெளிநாட்டிலிருந்து வந்தா எனக்குக் கலியாணம் பேசப்போறாங்களாம். எனக்குப் படிக்கணும். என்ன செய்ற? ஒருத்தர்ட்டயும் சொல்லிராதீங்க சேர்" என்றாள். நானறிந்ததைச் சொன்னேன். உம்மாவோடு முதலில் பேசும்படி சொன்னேன். அடுத்த கிழமை தெரிவுக்குழு கூடியது. எங்கள் விஞ்ஞானகூடத்தில் எத்தனை பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. கடைசி இடத்துக்கு இருவர் எஞ்சினர். ஒருத்தி இவள், மற்றவன் ஒரு பையன். பாடப் பெறுபேறுகள் அச்சொட்டாக ஒன்று.

மூத்த ஆசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்தப் புள்ள ரெண்டு வருசமும் முழுக்கப் படிக்குமா? ஊட்டு நிலவரம் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இடையில் நின்றுபோகும் பிள்ளைக்குக் கொடுத்த இடம் வீணாகும் என்ற கவலை அவருக்கு. எனக்குத் தெரியும். தெரிந்தது குழுவுக்குச் சொந்தமா, பிள்ளைக்குச் சொந்தமா? சொன்னால் அவள் என்னை நம்பியதற்கே தண்டனை. சொல்லாவிட்டால் அந்தப் பையன் என்ன குற்றம் செய்தான்? இந்த இடத்துக்கான முடிவில் நான் பங்குபற்றவில்லை என்று அதிபரிடம் கூறிவிட்டு எழும்பி வெளியே வந்தேன். கணிதத்தினதும் விஞ்ஞானத்தினதும் பாடசாலைப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து அவர்கள் முடிவெடுத்தார்கள். இடம் அவளுக்குப் போனது.

அந்த மூத்த ஆசிரியர் விடயத்தை ஊகித்துவிட்டார். அன்று பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்துவந்தவர், "தம்பி, தெரிஞ்சத மறச்சுக்கொண்டு எழும்பிப்போறதும் ஒரு வாக்குத்தான்" என்றார். அந்த வார்த்தையில் உண்மையிருக்கிறது. எழும்பிப்போவதால் கை சுத்தமாகிவிடுவதில்லை. ஆனால் அவரது நியாயத்தை முழுமையாக ஏற்றால், அடுத்த வருடத்திலிருந்து எந்தப் பெண்பிள்ளையும் தன் வீட்டுக் கதையை எந்த ஆசிரியரிடமும் சொல்லமாட்டாள். அப்போது குழுவுக்கும் ஒன்றும் தெரியவராது, பிள்ளைக்கும் உதவி கிடைக்காது. அந்தப் பிள்ளை தொடர்ந்து படித்தாளா, கலியாணம் நடந்ததா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சொல்லப்போவதில்லை. படித்தாளென்றால் நான் செய்தது சரி, நின்றுவிட்டாளென்றால் பிழை என்று முடிவை வைத்துக் கணக்குத் தீர்ப்பதை நான் ஏற்கவில்லை. தவிரவும் அது இன்னும் அவளுடைய கதைதான்.

அந்த வருடத்தோடு தெரிவுக்குழுவிலிருந்து என்னை விடுவிக்கும்படி அதிபரிடம் கேட்டேன். ஆலோசனையை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இருக்கிற ஐந்தாறு பேரில் ஒருவர் குறைவது அவருக்குச் சிரமந்தான். ஆயினும் சம்மதித்தார். கையில் அதிகாரமில்லாதவரின் ஆலோசனையை யார் மதிப்பார்கள் என்று நண்பர்கள் கேலிசெய்தார்கள். அதிலும் கொஞ்சம் உண்மையிருக்கிறது. முதல் வருடம் பெற்றோரில் பலர் நேரே குழுவில் இருந்தவர்களிடமே போனார்கள். எனது கதிரையில் சில நாட்கள் நானும் ஒரு பூனையும்தான்.

இங்கேதான் நம் நாட்டின் ஏற்பாட்டில் எனக்குள்ள பெரிய குறை வருகிறது. வாசலை எண்ணிடம் கொடுத்தோம், நல்லது. வாசலைக் காக்கும் வேலை ஆசிரியர்களின் தலையிலிருந்து இறங்கியபோது, மிஞ்சிய நேரத்தையும் மரியாதையையும் வழிகாட்டும் வேலைக்குக் கொடுத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அந்த வேலையும் எண்ணின் கைக்கே போய்விட்டது. உயர்தரப் பெறுபேறு வந்து மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பம் கோரும் காலத்தில் எங்கள் ஊர்ச் சந்தியிலுள்ள தொடர்பாடல் கடைக்குப் போய்ப் பாருங்கள். கைநூலில் கற்கைநெறிகளும் பல்கலைக்கழகங்களும் குறியீட்டெண்களோடு பக்கம் பக்கமாக இருக்கின்றன. எதை முதலில் விரும்புகிறேன், எதை அடுத்து விரும்புகிறேன் என்ற ஒழுங்கில் பிள்ளை அவற்றை நிரப்ப வேண்டும். அந்த ஒழுங்கில் மேலிருந்து கீழாகப் பார்த்து, புள்ளி எங்கே போதுமோ அங்கே இடம் கொடுக்கப்படும். அதனால் அந்த ஒழுங்குதான் பிள்ளையின் வாழ்க்கை. எங்கள் பிள்ளைகள் செய்வது என்ன? போன வருட வெட்டுப்புள்ளிகளை எடுத்து, ஆகக் கூடியதிலிருந்து ஆகக் குறைந்ததுவரை வரிசைப்படுத்தி அப்படியே எழுதிவிடுகிறார்கள். கடைக்காரத் தம்பி அந்த வரிசையை ஆயத்தமாகவே வைத்திருக்கிறான். கட்டணம் அறவிடுகிறான், அவனில் பிழையில்லை. நான் எதை விரும்புகிறேன் என்ற கேள்விக்கு, போன வருடம் மற்றவர்கள் எதை அதிகம் விரும்பினார்கள் என்பதைப் பதிலாக எழுதிவிட்டுப் பிள்ளை வீட்டுக்குப் போகிறது. விலங்குகளைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளை மிருக வைத்தியத்துக்கும், மண்ணில் கைவைக்க ஆசைப்பட்ட பிள்ளை வேறெதற்கோவும் போவது இப்படித்தான்.

இப்போது இரண்டு வருடங்களாக அந்த விண்ணப்பக் காலத்தில் அஸர் தொழுகையின் பின் பாடசாலை விறாந்தையில் கைநூலோடு அமர்கிறேன். பூனையின் காலம் போய்விட்டது, பிள்ளைகள் வருகிறார்கள். இசட் புள்ளியை முதலில் சொல்லக்கூடாது என்பது எனது ஒரே நிபந்தனை. அதைச் சொன்னால் நானும் அதையே பார்க்கத் தொடங்கிவிடுவேன். என்ன வேலை செய்தால் நேரம் போவது தெரியாது, எதைப் படித்தபோது எரிச்சல் வந்தது, வீட்டில் யார் யாரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். புள்ளி கடைசியில் வரும். போன வருடம் ஒரு மீனவத் தகப்பன் மகனோடு வந்திருந்தார். மகன் விவசாயத்தை மேலேயும், வெட்டுப்புள்ளி கூடிய வேறொன்றைக் கீழேயும் எழுதியதைக் கண்டு, "கூடினது கெடைக்கக்குள்ள ஏன் சேர் கொறஞ்சத மேல போடணும்? இது மீன் விக்கிற கணக்குக்கே சரிவராதே" என்றார். அவருக்கு அதை விளங்கப்படுத்த எனக்கு மூன்று பின்னேரங்கள் பிடித்தன. மூன்றாம் நாள் அவர் மகனைக் கூட்டிவரவில்லை, தனியாகவே வந்திருந்தார்.